உப்புக் கணக்கு

ஆய்வுகூடக் கூரையிலிருந்து
ஒரு தேங்காய் அளவு கொங்கிறீட் விழுந்தது,
எக்ஸ் கதிர் இயந்திரத்துக்கு ஒரு முழம் தள்ளி.
மற்றவர்கள் இயந்திரத்தைப் பார்க்க ஓடினார்கள்.
அக்கா குந்தியிருந்து
விழுந்த துண்டைப் பார்த்தாள்.
உள்ளே கம்பி
பேக்கரிப் பேஸ்ட்ரி மாதிரி
அடுக்கடுக்காக உதிர்ந்தது.

பதினெட்டு வருடம் உப்பின் படிகங்களை அளந்தவள்.
சுவரின் நுண்துளைக்குள் ஒரு கனசதுரம் வளர்ந்தால்
எவ்வளவு விசையோடு தள்ளும் என்று
தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் சொல்வாள்.
அன்றைக்குத்தான் கேட்டாள்:
"இதை ஏன் நான் ஒரு வீட்டுக்காரனுக்கும் சொல்லேல்லை?"

நாற்பத்து மூன்று வயதில்
நூற்றியோராம் நம்பர் பஸ்ஸில் தொங்கி
மொறட்டுவைக்குப் போனாள்,
பத்தொன்பது வயசுப் பிள்ளைகளோடு கட்டடக்கலை படிக்க.
கோடு நேராக வந்தது. மரம் வரவில்லை.
அவள் படங்களில் வேம்பும் மாவும் ஒன்றுதான்,
குச்சியில் சுற்றிய பஞ்சு மிட்டாய்.
ஆட்களுக்குப் பதில் புள்ளி வைத்தாள்.
விரிவுரையாளர் ஏனென்று கேட்டதற்கு
"அசைஞ்சுகொண்டிருப்பினம் சேர், எந்த இடமெண்டு சொல்லேலாது" என்றாளாம்.

முகத்துவாரத்தில் என் ஆறரைப் பேர்ச் காணி
அவளுடைய முதல் கட்டடம்.
காசு வாங்கவில்லை. யோசனையும் கேட்கவில்லை.
சீமெந்துப் பூச்சு வேண்டாமாம், சுண்ணாம்புதானாம்.
"உப்பு வரும். வரட்டும்.
தோலைத் தின்னட்டும், எலும்பை விடட்டும்."
விமலதாச பாஸ் தலையைச் சொறிந்தார்:
"மிஸ், விழுறதுக்கெண்டா பூசுறது?"
"ஓம். அதுதான் அதின்ரை வேலை."

நான் கப்பல் கம்பனிக் கணக்காளன்.
சேட்டில் வெள்ளைத் தூள், அலுமாரியில் தூள்,
சில மத்தியானம் சோற்றிலும்.
கோபத்தோடு போன் எடுத்துச் சொன்னேன்.
அடுத்த கிழமை
ஒரு சின்னத் தராசு அனுப்பியிருந்தாள்.

பன்னிரண்டு வருடமாகச் சனிக்கிழமை தோறும்
கூட்டி, நிறுத்து, கொப்பியில் எழுதுகிறேன்.
சோளகம் அடிக்கும் ஆனியில் நாற்பது கிராம்.
மார்கழியில் ஒன்பது.
இதற்கிடையில் அவள்
மட்டக்குளியில் ஒரு கிளினிக் கட்டினாள்,
வத்தளையில் மீன் சந்தை,
கொட்டாஞ்சேனையில் ஒரு வாசிகசாலை.
வாசிகசாலை ஒழுகியது.
"மழையை நான் படிக்கேல்லை" என்று
மூன்று மாரி அங்கேயே வாளி வைத்துப் படித்தாள்.
ஞாயிறு இரவு போன் வரும்.
சாப்பிட்டாயா, சுகமா, ஒன்றுமில்லை.
"எத்தினை?"

போன வருடம் எனக்கும் கடலுக்கும் நடுவில்
பதினொரு மாடி எழும்பியது.
மாடி ஏற ஏற என் கிராம் இறங்கியது.
பதினேழு.
ஆறு.
இந்தச் சனிக்கிழமை தராசு அசையவேயில்லை.

"பூச்சியம்" என்றேன்,
சந்தோஷப்படுவாள் என்று நினைத்து.
போனில் நீர்கொழும்பு வீதி லொறிகள் மட்டும்.
பிறகு சொன்னாள்:
"உப்பு எங்கையும் போகாது, அன்ரன்.
முன்னாலை நிக்கிறவன் வாங்குறான்.
போய்க் கேள்,
கம்பிக்கு மேலை எத்தினை அங்குலம் கொங்கிறீட் விட்டவங்கள்?"

இன்று பின்னேரம் கொப்பியோடு போனேன்.
காவலாளி நல்ல பெடியன், பதுளைப் பக்கம்.
அங்குலம் பற்றி அவனுக்குத் தெரியாது.
உள்ளேயிருந்து வந்த ஒரு பிள்ளை
கடல் தெரியும் பல்கனிகளின்
விலைப் பட்டியலைத் தந்தாள்.
நிமிர்ந்து பார்த்தேன்.
நாலாம் மாடி விளிம்பில்
மெல்லிய மண்ணிறக் கோடொன்று
கீழ்நோக்கி வழிந்திருந்தது.
யாரோ தேத்தண்ணி ஊற்றியதாகவும் இருக்கலாம்.

வீட்டுக்கு வந்து புதிதாய் ஒரு நிரல் கீறினேன்.
எங்கள் சுவர்: 0.
அவர்கள் சுவர்:

நாளைக்கு அந்தப் பெடியனிடம் சொல்லவேண்டும்,
காலையில் தும்புத்தடியால் கூட்டுவதை
கானுக்குள் கொட்டாமல்
ஒரு பையில் போட்டு வைக்கச் சொல்லி.